அடிஷம் மாளிகையும் ஒரு கொப்பியும்

எழுத்தாளர் வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் போவதில் ஒரு தனி இன்பம் உண்டு. எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்த வீட்டின் படியிலே கால் வைத்தவர்க்கு அது தெரியும்; திருவல்லிக்கேணியில் அவர் இறுதி நாட்களைக் கழித்த இல்லத்தினுள் நுழைந்தவர்க்கும் தெரியும். ஆயின் அதற்குக் கடல் கடக்க வேண்டும். ஊவா மலையிலே பிறந்த எமது மாணாக்கர்க்கு அத்தகைய வீடொன்றை அருகிலேயே காட்ட முடியுமா என்று வகுப்பிலே பேச்சு எழுந்தபோது, "ஏன் முடியாது? ஆங்கில இலக்கியத்தோடு உறவு கொண்ட மாளிகையொன்று அப்புத்தளையிலேயே இருக்கிறதே!" என்று சற்றுப் பெருமிதத்தோடு கூறிவிட்டோம். கூறிய வாக்கைக் காப்பாற்ற வேண்டாமா?

எம்முடன் வரச் சம்மதித்த ஒன்பது பேரில் நால்வர் பூனாகலைத் தோட்டப் பகுதியைச் சேர்ந்த பிள்ளைகள். ஆகவே முதல் நாள் மாலையே பூனாகலைக்குப் போய், நண்பர் ஒருவரின் இல்லத்தில் தங்கினோம். பூனாகலையில் விடியற்காலை பஸ் பிடிப்பது ஒரு விரதம் அனுட்டிப்பதைப் போன்றது. மூடுபனி கலையுமுன் சந்திக்கு வந்து நிற்க வேண்டும். பனியினூடே முதலில் சத்தந்தான் வரும். பிறகு வெளிச்சம் வரும். கடைசியாகத்தான் பஸ் வரும். பண்டாரவளையில் இறங்கி வேறு பஸ் ஏறி, அப்புத்தளையை அடைந்தபோது நல்ல வெயில். ஏறத்தாழ 4,700 அடி உயரத்திலே, மலையின் முதுகெலும்பின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. தெற்கே பார்த்தால் நிலம் படிப்படியாக இறங்கிச் சமவெளியிற் கரைந்துபோகும். அந்தக் காட்சியைப் பற்றி எழுதத் தொடங்கினால் மாளிகைக்குப் போய்ச் சேரமாட்டோம்.

நகரிலிருந்து மாளிகைக்கு இரண்டு மைல் அளவு தூரம். நடந்தே போனோம். ஒருபுறம் தேயிலை, மறுபுறம் தங்கமலைக் காடு. பறவைகளுக்கெனக் காக்கப்படும் சரணாலயம் அது. 'தங்கமலை' என்ற பெயரைக் கேட்டதும் மாணாக்கருள் ஒருவன், "சேர், இது தமிழ்ப் பெயர் அல்லவா?" என்று கேட்டான். ஆம் என்றோம். அவன் அந்த மரங்களை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கியதைக் கண்டு எமக்கு நகைப்பும் வந்தது. மனம் கனிந்ததும் உண்மை.

அடிஷம் மாளிகை 1931-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. கருஞ்சாம்பல் நிறக் கருங்கல்லாலான சுவர்கள், கனத்த புகைபோக்கிகள், உயர்ந்து குறுகிய சாளரங்கள் யாவும் பழைய ஆங்கிலப் பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தாற்போலத் தோன்றுகின்றன. கென்ற் மாகாணத்து லீட்ஸ் கோட்டையை மனத்திற் கொண்டு அமைத்ததாகக் கூறுவர். கதவுக்கும் தளத்துக்கும் பர்மாத் தேக்கு. முன்னே ரோஜாத் தோட்டம். இன்று இது புனித பெனடிக்ற் சபைத் துறவியர் வாழும் மடம். அறுபதுகளின் தொடக்கத்தில் அவர்கள் கைக்கு வந்தது. வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் பொதுமக்கள் வந்து பார்க்க அனுமதிக்கின்றனர். ஆயினும் வரவேற்பறையும் நூலகமும் தவிர ஏனைய பகுதிகள் துறவியர்க்கே உரியன. பழைய தளபாடங்களையும் நூல்களையும் அவர்கள் பேணி வைத்திருக்கும் அக்கறையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. தாம் கட்டாத வீட்டை, தம் மரபுக்குத் தொடர்பில்லாத ஒருவரின் நினைவை, இத்தனை துப்புரவாகக் காப்பவர் உலகிற் பலர் இல்லை.

இதைக் கட்டியவர் சேர் தோமஸ் லிஸ்டர் வில்லியர்ஸ். 1869-இல் கென்ற் மாகாணத்து அடிஷம் என்ற சிற்றூரிலே, ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். 1887-இல், பதினெட்டு வயது இளைஞராக இலங்கைக்கு வந்து தோட்டத் தொழில் பழகினார். பின்னர் கொழும்பிலே, 1835-இல் தொடங்கப்பெற்ற ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் தலைவரானார். தோட்டங்களின் கணக்கையும் நிர்வாகத்தையும் கொழும்பிலிருந்தபடியே நடத்திய ஏஜென்ஸிக் கம்பெனிகளுள் பழமையானது அது. சட்டநிரூபண சபையிலும் அங்கம் வகித்தார். இலங்கை வர்த்தகத்தின் பழங்கதைகளைத் திரட்டி 1940-இல் 'மெர்க்கன்ரைல் லோர்' என்றொரு நூலும் வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்து திரும்பி 1959-இற் காலமானார்.

"இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது, சேர்?" என்று மாணாக்கர் பொறுமையிழந்து கேட்டனர். நியாயமான கேள்விதான். கதை அவருடைய தாயாரிடத்தில் தொடங்குகிறது.

வில்லியர்ஸின் தாய் விக்ரோறியா சீமாட்டி, இங்கிலாந்தின் பிரதமராக இருமுறை இருந்த ஜோன் ரசல் பிரபுவின் மகள். ரசல் பிரபுவுக்கு முதல் மனைவி வழியாகப் பிறந்தவர். இரண்டாம் மனைவி வழியாகப் பிறந்த மகனுக்கு 1872-இல் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்குழந்தைதான் பிற்காலத்தில் தத்துவ மேதையாக விளங்கி, 1950-ஆம் ஆண்டுக்குரிய இலக்கிய நோபல் பரிசைப் பெற்ற பேர்ட்ரண்ட் ரசல். ஆங்கிலேயர் இந்த உறவை எல்லாருக்கும் பொதுவான ஒரே சொல்லால் முடித்துவிடுவர். நமது முறையோ துல்லியமானது: வில்லியர்ஸ், ரசலுக்கு அத்தை மகன். "அப்படியென்றால் அப்புத்தளைத் துரையும் அந்தப் பெரிய தத்துவஞானியும் மச்சான்மாரா!" என்று ஒரு பெண் வியந்தாள். மௌனம் காக்க வேண்டிய அந்த மடத்தின் முற்றத்திலே எல்லோரும் சிரித்துவிட்டோம்.

தாத்தாவாகிய ஜோன் ரசல் பிரபுவின் கதை இன்னும் சுவையானது. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1859-இல் வெளியிட்ட 'இரு நகரங்களின் கதை' என்னும் நாவலை ஆங்கிலம் பயிலும் மாணாக்கர் அறிவர். அந்நூலை டிக்கன்ஸ் காணிக்கையாக்கியது இந்த ரசல் பிரபுவுக்கே. ஏழைக் குழந்தையொன்றைத் தன் குதிரை வண்டியால் மிதித்துக் கொன்றுவிட்டு, தந்தையிடம் ஒரு பொற்காசை வீசியெறிந்து செல்லும் பிரபு ஒருவன் அக்கதையிலே வருகிறான். பிரபுக்களின் கொடுமையைச் சாடிய அந்த நூலின் முகப்பிலே ஒரு பிரபுவின் பெயர்! எனினும் ரசல் பிரபு 1832-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்டவர் என்பதையும் சொல்ல வேண்டும். டிக்கன்ஸ் ஆள் அறியாமல் காணிக்கை வைப்பவர் அல்லர்.

ரசல் பிரபு வாழ்ந்த பெம்புறோக் இல்லம் இலண்டனை அடுத்த றிச்மண்ட் பூங்காவில் இன்றும் உண்டு. பெற்றோரை இழந்த பேர்ட்ரண்ட் ரசல் வளர்ந்ததும் அங்கேதான். இப்போது அங்கே பொதுமக்கள் சென்று தேநீர் அருந்தலாம். பேரர்களுள் ஒருவர் தேயிலை வணிகத்திற் பொருளீட்டி அப்புத்தளையில் மாளிகை எழுப்பினார். தாத்தாவின் மாளிகையோ தேநீர்ச் சாலையாயிற்று. விதிக்கு நகைச்சுவை உண்டு போலும்.

இவ்வளவையும் நூலக அறையின் வாயிலில் நின்று மெல்லிய குரலிற் சொல்லி முடித்தோம். அடுக்கடுக்காகப் பழைய நூல்கள். தோலட்டையின் மணமும் தேக்கின் மணமும் கலந்து வந்தன. நூல்களைக் கண்டால் ஆசிரியனுக்குப் பேராசை வருவது இயல்பு. நெடுநேரம் அங்கேயே நின்றோம். மாணாக்கர் ஒவ்வொருவராக வெளியே நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை.

வெளியே வந்தபோது அவர்கள் மடத்திலே விற்கும் பழப்பாகுப் போத்தலொன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அதைப் பங்கிடுவது எப்படியென்று வாதாடிக்கொண்டிருந்தனர். ஒரு மாணவி மட்டும் சற்று விலகி, கற்சுவரைத் தடவிப் பார்த்தபடி நின்றாள். பூனாகலையிலிருந்து வந்த நால்வருள் ஒருத்தி. எம்மைக் கண்டதும் கேட்டாள்: "சேர், இது அவங்க வீடு. நம்ம ஆளுங்கள்ல எழுதுனவங்க வீடு எங்க இருக்கு? அதையும் ஒரு நாளைக்குக் காட்டுவீங்களா?"

உடனே விடை சொல்ல எமக்கு வாய் எழவில்லை. அன்று பஸ்ஸிலே திரும்பும்போதும், அதன் பின்னரும் நாம் எண்ணிப் பார்த்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

ஜோன் ரசல் பிரபு முதன்முறை பிரதமராக இருந்தது 1846 முதல் 1852 வரை. அந்த ஆண்டுகளிலேதான் நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாகக் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் தாலாட்டும் ஒப்பாரியும் அவர்கள் நாவிலே இருந்தன. ஏட்டிலே இருந்தால் ஒரு பெட்டி வேண்டும். பெட்டி வைக்க ஒரு வீடு வேண்டும். கிடைத்ததோ லயக் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று. முன்னே ஓர் இஸ்தோப்பு. அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது தோட்டத்திற் பெயர் பதிந்து வேலை செய்யாவிட்டால் காம்பரா கைவிட்டுப் போகுமோ என்ற அச்சம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. எழுபதுகளில் கம்பெனிகள் போய் அரசாங்கம் வந்தது. 1992-இல் மீண்டும் கம்பெனிகள் வந்தன. காம்பராவின் அளவு மட்டும் மாறவில்லை.

அடிஷம் மாளிகைக்குக் கூரை வேய்ந்த அதே 1931-ஆம் ஆண்டிலேதான் அட்டனை மையமாகக் கொண்டு கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிச் சங்கம் அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளரின் துயரத்தைச் சிந்துப் பாடல்களாக எழுதி, கூட்டங்களிலே பாடினார். அவை சின்னஞ்சிறு பிரசுரங்களாக அச்சாகிக் கைக்குக் கை மாறின. வில்லியர்ஸின் நூல்களுக்குத் தேக்கு அலுமாரி கிடைத்தது. அந்தப் பிரசுரங்களுக்குக் கிடைத்தது மடித்துச் செருகிய மடிதான்.

சி. வி. வேலுப்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 1914-இல் வட்டகொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்திலே, கங்காணிக் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவராக்கியது. தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை 1954-இல் நூலாயிற்று. சக்தி அ. பால ஐயா அதனைத் தமிழாக்கி 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தந்தார். தோட்டந்தோறும் வழங்கிய மக்கள் பாடல்களையும் சி. வி. தேடித் தொகுத்தார். அவர் எழுதிய நாவல் ஒன்றின் பெயர் 'வீடற்றவன்'. எமது மாணவியின் கேள்விக்கு அவர் முன்னதாகவே விடையெழுதி வைத்துவிட்டார் போலும்!

ஊவாவுக்கே உரியவரைச் சொல்வதானால் தெளிவத்தை ஜோசப்பைச் சொல்ல வேண்டும். 1934-இல் ஆலி-எலைப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்தவர். தோட்டப் பள்ளி ஆசிரியரின் மகன். தாமும் பதுளையைச் சார்ந்த தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராயிருந்து எழுதத் தொடங்கினார். ஒற்றைக் காம்பராவில் குடும்பம் முழுவதும் நெருக்கியடித்து உறங்க நேரும் அவலத்தை அவருடைய 'மீன்கள்' என்ற சிறுகதை போல உரைத்தது வேறில்லை என்பது எமது கருத்து. 'காலங்கள் சாவதில்லை' நாவல் 1974-இல் வந்தது. 2013-இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022-இல் மறைந்தார். அவர் வாழ்ந்த தெளிவத்தையிலே பெயர்ப்பலகை மாட்டத்தக்க மாளிகை எதையும் அவர் விட்டுச் செல்லவில்லை. தோட்டத்து நிலத்தில் ஆசிரியருக்கு என்ன உரிமை? வில்லியர்ஸ் தாம் பிறந்த ஊரின் பெயரைத் தாம் கட்டிய வீட்டுக்குச் சூட்டினார். ஜோசப் தாம் கற்பித்த தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே சூட்டிக்கொண்டார். அதனால் தெளிவத்தை என்ற அந்தச் சின்னத் தோட்டத்தின் பெயர் இன்று சென்னையிலும் தெரியும், ரொறன்ரோவிலும் தெரியும்.

ஆயினும் இது முழு விடையாகாது என்பதை நாம் அறிவோம். பெயர் நிலைத்தால் போதும், வீடு எதற்கு என்று பேசுவது வீடு உள்ளவர்க்கு எளிது. அந்த மாணவியிடம் அதைச் சொல்லவும் கூடாது. ஏனெனில் அவளது குடும்பம் மீரியபெத்தையைச் சேர்ந்தது. 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆம் நாள் காலை, கொஸ்லந்தைக்கு அருகே மலை சரிந்து லயன்களை மூடியதை மறந்தவர் யார்? உயிர் தப்பியவர்கள் முகாம்களிலே நெடுங்காலம் காத்திருந்தபின், பூனாகலைப் பக்கத்தில் அமைத்த புதிய வீடுகள் 2016-இற் கையளிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில் இவர்கள் குடியிருக்கின்றனர்.

அன்று மாலை பூனாகலைக்குத் திரும்பியதும், "வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க, சேர்" என்று அவள் வற்புறுத்தினாள். போனோம். சிறிய வீடுதான், எனினும் தனி வீடு. வாசலிலே நான்கு செவ்வந்திச் செடிகள். "வாங்கய்யா, உட்காருங்க" என்று எழுந்து வரவேற்றார் அப்பாயி. எழுபதைக் கடந்தவர்; கொழுந்தெடுத்துக் காய்த்த விரல்கள். வெறுந்தேநீரும் கையிலே ஒரு கட்டிக் கருப்பட்டியும் கொடுத்தார்.

பேச்சினிடையே தாத்தாவின் கதை வந்தது. அவர் காமன் கூத்து வாத்தியார். மாசி பிறந்து காமன் கம்பம் ஊன்றும் நாள் முதல், ரதி மன்மதன் வேடமிடுபவர்க்குப் பாட்டும் அடவும் சொல்லிக் கொடுப்பவர். தம் வாத்தியாரிடம் கேட்ட பாடல்களையெல்லாம் ஒரு பெரிய கணக்குக் கொப்பியிலே எழுதித் தகரப்பெட்டியில் வைத்திருந்தாராம். மலை சரியுமுன்பே அவர் காலமாகிவிட்டார். கொப்பி சரிவோடு போயிற்று. "மனுசங்க போன எடத்துல கொப்பியைத் தேடுறது யாரு, ஐயா?" என்றார் அப்பாயி. அவர் கண் கலங்கவில்லை, எமக்குத்தான் கலங்கிற்று.

அப்போது மாணவி உள்ளே சென்று ஒரு புதிய கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். எண்பது பக்கப் பள்ளிக் கொப்பி. மேலே பழைய செய்தித்தாளால் உறை. இரவிலே அப்பாயி பாடப் பாடத் தான் எழுதி வருவதாகச் சொன்னாள். முப்பது பக்கங்களுக்கு மேல் நிரம்பியிருந்தன. காலையில் இருந்து அடிஷம் நூலகத்தைப் பற்றி அத்தனை பேசிய நாம், எமது கைப்பைக்கு அருகிலேயே பஸ்ஸில் உட்கார்ந்து வந்த இப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லையே என்று வெட்கமாயிருந்தது.

கொப்பியை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். எழுத்து அழகாயிருந்தது. ஆயின் ஆசிரியத் தொழில் எம்மை விடவில்லை. "ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் நாளை எழுது. பாடியவர் பெயரை எழுது. அவர் யாரிடம் கேட்டார், எந்தத் தோட்டத்தில், எந்த டிவிசனில் என்பதையும் எழுது. அப்பாயிக்கு ஒரு சொல் மறந்துபோனால் நீயாக ஒன்றை இட்டு நிரப்பாதே, வெற்றிடமாக விடு. இன்னொரு கொப்பியிலே இதைப் படியெடுத்து வேறொரு வீட்டில் வை" என்றோம். கைத்தொலைபேசியிற் குரலைப் பதிவு செய்துகொள்ளவும் சொன்னோம். பதிவு செய்யும்போது அப்பாயி வெட்கப்பட்டுப் பாட்டை நிறுத்திவிடுகிறாராம்! மெல்ல மெல்லப் பழக்கலாம் என்றோம்.

முதற் பக்கத்தில் மீரியபெத்தை என்று எழுதுவதா, பூனாகலை என்று எழுதுவதா என அவள் கேட்டாள். இரண்டையும் எழுதச் சொன்னோம்.

இதற்குள் அப்பாயி, பேத்தியின் தோளுக்கு மேலாகக் கொப்பியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. "பதினாலாவது என்ன பாட்டு எழுதியிருக்க?" என்று கேட்டார். மாணவி முதலடியை முணுமுணுத்தாள். "அது அங்க வராதே! ரதி அழுவுறதுக்கு முந்தி வரணும். தாத்தா இருந்தா ஏசுவாரு" என்றார். அவள் பேனாவை எடுத்துப் பதினான்கை அடித்துவிட்டு, பன்னிரண்டு என்று எழுதினாள். பிறகு, இடையிலிருந்த மற்றப் பாடல்களின் எண்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினாள். அவள் திருத்தி முடிக்கும்வரை நாம் இருந்துவிட்டு எழுந்தோம்.